ஒரு கித்தார் பெட்டியும் ஒன்பது வோல்ட்டும்

வாசகப் பெருமக்களே, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்குக் கித்தாரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் இரண்டு ஆண்டுகள் நண்பன் ஒருவனின் கித்தாரைத் தட்டிப் பழகியதைத் தவிர எனக்கு வேறு பயிற்சி இல்லை. ஏழெட்டுக் கட்டைகள் தெரியும், பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடும்போது பின்னால் நின்று வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் தோட்டத்தில் ஒருவனுக்கு ஒன்று கொஞ்சம் தெரிந்துவிட்டால் அவன்தான் அதில் பண்டிதன். அந்தப் பண்டிதப் பட்டத்தால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வந்தேன். உங்கள் வீட்டிலும் கித்தார் கேட்கும் பிள்ளை ஒருவன் இருந்தால் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது ஐந்தாம் படிவம் படிக்கிறான். தகப்பனார் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. தாயார் காட்டில் உரம் போடுகிறார், மருந்தடிக்கிறார். சித்தப்பா ஒருவர் கொடுத்த மின்சாரக் கித்தார் அவனிடம் இருந்தது. மின்சாரக் கித்தார் என்பது சும்மா தட்டினால் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். வயிற்றில் குழி உள்ள மரக் கித்தார் அல்ல அது, வெறும் பலகை. அதற்கு ஆம்ப்ளிபயர் வேண்டும்.

சரி, ஆம்ப்ளிபயர் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றால், அவர்கள் குடியிருப்பதோ லயத்து வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்துக்காரர் நூறு வயது என்பார். விடிகாலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் இரவு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். இரவு வேலை முடிந்து வந்த தகப்பனார் பகலில் உறங்குவார். இதில் எங்கே ஆம்ப்ளிபயரை அலறவிடுவது?

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். "ஐயா, மாடலர்னு ஒன்னு இருக்காம். இயர்ஃபோன்ல கேட்டுக்கலாமாம். வாங்கலாங்களா?" என்றான்.

மாடலர் என்றால் என்னவென்று அன்றிரவு நானும் உட்கார்ந்து படித்தேன். பழைய காலத்து ஆம்ப்ளிபயர்களுக்குள் கண்ணாடிக் குழாய்கள் எரியும், நம் தாத்தா காலத்து ரேடியோவில் எரிந்தது போல. அந்தக் குழாய்கள் ஓசையைச் சற்று முறுக்கிக் கனமாக்கும். அந்த முறுக்கல்தான் மின்சாரக் கித்தாருக்கு அழகு. ஆனால் அந்தப் பெட்டிகள் அரிசி மூட்டை கனம். மாடலருக்குள் குழாயும் இல்லை, கனமும் இல்லை. சிறிய கணினிச் சில்லு ஒன்று உள்ளே உட்கார்ந்து, கம்பியின் அதிர்வை எண்களாக மாற்றி, குழாய்ப் பெட்டி என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டு, மறுபடி ஓசையாக்கித் தருகிறது. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1998-இல் பாட் என்ற சிவப்புப் பெட்டியை வெளியிட்டது. அவரைக் கொட்டை வடிவத்தில் இருக்கும். அதற்குப் பிறகுதான் இந்த வகை எங்கும் பரவியது. இன்று ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கைக்கடக்கமான பெட்டிகள் பல வருகின்றன.

அவனிடம் இருந்தது 120 வெள்ளி. பள்ளி விடுமுறையில் தாயாருடன் காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கியதற்காக அந்த அம்மாள் அவன் பங்கென்று எடுத்து வைத்திருந்த பணம். உதிரிப் பழம் பொறுக்கிய கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகத்தடியில் முள் ஏறி வீங்கியிருக்கும்.

120 வெள்ளிக்குப் புதிதாக நல்லது கிடைக்காது. ஆகவே கைபேசியில் பழைய சாமான் விற்கும் ஒருவரைப் பிடித்து, பழைய பெட்டி ஒன்றை வாங்கினோம். பெட்டி மட்டுந்தான், அடாப்டர் இல்லை. விற்றவரைக் கேட்டதற்கு, "ஒன்பது வோல்ட் எதுவா இருந்தாலும் போதும்" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

என் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 9 வோல்ட் என்று எழுதியிருந்தது. மில்லி ஆம்பியர் எண்ணையும் பார்த்தேன், தேவைக்கு மேலேயே இருந்தது. முனையும் பெட்டியின் துளைக்குச் சரியாகப் பொருந்தியது. இதற்கு மேல் என்ன பார்ப்பது? பயல் ஆவலோடு பக்கத்தில் நிற்கிறான். "பார்த்தாயா, புதுசு வாங்கினால் வீண் செலவு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே செருகினேன்.

ஒரு கண நேரம் சிவப்பு விளக்கு மின்னியது போலிருந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு வாடை வந்தது. கருகிய ரப்பர் வாடை.

பட்டணத்தில் ரேடியோ, தொலைக்காட்சி பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போனோம். பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு அடாப்டரைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் முதுகைப் பார்த்தார். "தெர்பாலிக் லா, சிக்கு" என்றார். தலைகீழ்! எது தலைகீழ் என்று விளங்காமல் நான் விழிக்க, அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருந்த சிறிய படம் ஒன்றை விரலால் காட்டினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணத்தை விழுங்கியது இந்த இடந்தான்.

அடாப்டரின் முதுகில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வாய் திறந்த வளையமும் வரைந்திருக்கும். இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். எந்தக் குறியின் கோடு நடுப்புள்ளியைத் தொடுகிறதோ அதுதான் முனையின் உள்துளையில் வரும் மின்சாரம். நம் வீட்டு மோடம், ரௌட்டர் போன்றவற்றின் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் கூட்டல் இருக்கும். கித்தார்ப் பெட்டிகளுக்கோ பெரும்பாலும் நடுவில் கழித்தல். வோல்ட் ஒன்று, முனையின் அளவும் ஒன்று, ஆனால் உள்ளே போகும் மின்சாரம் எதிரும் புதிரும். சில பெட்டிகளில் தலைகீழாக வந்தால் தடுத்து நிறுத்த உள்ளேயே காவல் வைத்திருப்பார்கள். எங்கள் பெட்டியில் இருந்த காவல்காரன் தானும் எரிந்து மற்றதையும் எரித்துவிட்டான்.

அதோடு முடியவில்லை. 9 வோல்ட்டிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்று டிசி, மற்றொன்று ஏசி. மேலே சொன்னேனே அந்தச் சிவப்புப் பாட், அதற்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. டிசி கேட்கும் பெட்டிக்கு அதன் அடாப்டரைச் செருகினால் பெட்டி போயிற்று. பழைய சாமான் வாங்கும்போது இரண்டும் கலந்து கிடக்கும், எச்சரிக்கை. மில்லி ஆம்பியர் விஷயம் மட்டும் அவ்வளவு பயப்படக்கூடியதல்ல. லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் வோல்ட். அது சரியாக இருக்க வேண்டும். தொட்டி எவ்வளவு தண்ணீர் கொடுக்க வல்லது என்பதுதான் மில்லி ஆம்பியர். பெட்டி 500 கேட்டால் அடாப்டர் 500-ஓ அதற்கு மேலோ இருக்கலாம். பெரிய தொட்டி என்பதற்காகத் தண்ணீர் தானாகப் பாய்ந்துவிடாது, குழாயைத் திறந்த அளவுதான் வரும். 300 உள்ளதைச் செருகினால்தான் தொல்லை. பெட்டி எழுந்திருக்காது, அல்லது பாதி வாசிப்பில் அணைந்து அணைந்து எரியும், அடாப்டரும் கொதிக்கும்.

இவ்வளவும் எனக்கு 120 வெள்ளி கொடுத்துக் கற்ற பாடம். அதுவும் என் காசல்ல.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயார் காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். தவறு பையன்மேல் இல்லை, முழுக்க என்னுடையது என்றேன். பணத்தை நீட்டினேன்.

"என்னங்க ஐயா நீங்க, வேணும்னா செஞ்சீங்க? வச்சிக்குங்க" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில், "சரி, அப்படின்னா கூட்டுச் சீட்டு எனக்கு அடுத்த மாசம் விழுது. அதுல கொஞ்சம் நான் போடுறேன், நீங்க கொடுக்குறதையும் சேர்த்து நல்லதா ஒன்னு வாங்கிக் குடுங்க. இந்த வாட்டி கடைக்காரன்கிட்ட நல்லா கேட்டு வாங்குங்க ஐயா" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் கோபம் இல்லைதான். ஆனாலும் இருபது ஆண்டு வாத்தியார் வேலையில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படி நறுக்கென்று சொன்னதில்லை.

இரண்டாவது முறை கையில் 350 வெள்ளி. பயலுக்கு ஆசை முழுவதும் வண்ணத் திரை வைத்த பெட்டிமேல். "ஐயா, இதுல இருநூறு சவுண்டு இருக்கு" என்பான். நான் கேட்டேன், "தம்பி, உன் அம்மா சமையலறையில் எத்தனை டின் மசாலா இருக்கிறது?" ஐந்து என்றான். "அதை வைத்துத்தானே தினமும் சமைக்கிறார்?" பதில் இல்லை. உண்மையாகவே, வாசகர்களே, குறைந்த விலைப் பெட்டிகளில் ஒலிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிடுவார்கள். அவற்றில் பாதியை ஒரு முறை கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். சுத்தமான ஒலி ஒன்று, சற்றே கரகரப்பானது ஒன்று, நன்றாக முறுக்கியது ஒன்று, கொஞ்சம் எதிரொலி. இவை கேட்க இனிமையாக இருந்தால் பெட்டி நல்ல பெட்டி.

நான் பார்க்கச் சொன்னவை வேறு. பாட்டரியில் ஓடுமா? இயர்ஃபோன் செருக வழி உண்டா, அதன் துளை பெரியதா சிறியதா? கைபேசியிலிருந்து பாட்டை உள்ளே விட்டுக் கூடவே வாசிக்க முடியுமா? விலையில் அடாப்டர் சேர்த்தியா, தனியா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது என் குரலே எனக்கு உரத்துக் கேட்டது. கடைப் பையன் பயந்துபோய்ப் பெட்டியைத் திறந்தே காட்டிவிட்டான்.

கடைசியாக, ஜப்பானின் ஸூம் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஜி1 ஃபோர் என்ற சிறிய பெட்டியை எடுத்தோம். வண்ணத் திரை இல்லை, பயல் முகம் சற்று வாடியது. ஆனால் அதற்கு மூன்று வழியில் மின்சாரம் கொடுக்கலாம். 9 வோல்ட் அடாப்டர், நடுவில் கழித்தல். அல்லது கைபேசிக்குப் போடும் யூஎஸ்பி வழியாக 5 வோல்ட். அல்லது டார்ச் லைட்டுக்குப் போடும் சிறிய டபுள் ஏ பாட்டரி நான்கு. சூடு கண்ட பூனை நான், அந்த நான்கு பாட்டரியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இயர்ஃபோன் துளை பெரிய அளவு என்பதால் சின்ன முனையைப் பெரிய முனையாக்கும் செருகி ஒன்றும் வாங்கினோம். தாளம் போடும் வசதியும் உள்ளேயே இருக்கிறது, தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு அது பெரிய துணை.

இனித் தொல்லை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு வாரத்தில் மறுபடி வந்து நின்றான். "ஐயா, உள்ளுக்குள்ள வண்டு கத்துது."

போய்க் கேட்டேன். வண்டேதான். வாசிக்காமல் இருக்கும்போதும் கீச்சென்று ஒரு சத்தம், அதனடியில் ம்ம்ம் என்று ஒரு முனகல். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய கைபேசி சார்ஜரை யூஎஸ்பி வழியாகச் செருகியிருந்தான். அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பாட்டரியைப் போடச் சொன்னேன். கீச்சுச் சத்தம் அடியோடு போனது, முனகல் மட்டும் குறையாமல் நின்றது. ஆக இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. பாட்டரியைப் போட்டதும் மறைகிற சத்தம் அடாப்டர் கொண்டு வந்தது. மறையாதது கித்தாரே பிடித்து இழுக்கிற சத்தம். மலிவான சார்ஜர்கள் சுவரில் வரும் 230 வோல்ட்டை (நாங்கள் படித்த காலத்தில் 240 என்போம், 2008-இல்தான் நம் நாட்டுக் கணக்கு 230 ஆனது) மிக வேகமாக வெட்டி வெட்டிச் சிறிதாக்குகின்றன. வெட்டிய தூசி சரியாக வடிகட்டப்படாமல் ஓசையில் கலந்துவிடுகிறது. கைபேசிக்கு அது உறைக்காது. கித்தாரின் மெல்லிய ஓசையைப் பல மடங்கு பெரிதாக்கும் பெட்டிக்கு உறைக்கும்.

முனகல் கதை வேறு. கித்தாரின் கம்பிகளுக்கடியில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். அந்தச் சுருள் கம்பியின் அதிர்வை மட்டுமல்ல, பக்கத்தில் ஓடும் 50 சுழற்சி மின்சாரத்தையும் காதில் வாங்கிக்கொள்ளும். அவன் தலைக்கு மேலே பழைய குழல் விளக்கு. அதை அணைத்தோம், பாதி முனகல் போனது. கித்தாரோடு அவனை மெல்லத் திரும்பச் சொன்னேன். வடக்கே பார்த்தபோது அதிகம், கிழக்கே திரும்பியதும் அநேகமாக இல்லை. இன்றுவரை அவன் கிழக்கு நோக்கித்தான் பயிற்சி செய்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டி பையனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் திருத்தவில்லை.

பவர் பேங்க் வைத்து ஓட்டலாமே என்று அவன் கூட்டாளி ஒருவன் யோசனை சொன்னான். அதையும் பார்த்தோம். சில பவர் பேங்குகளுக்கு ஒரு குணம் உண்டு. எடுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால், கைபேசி நிறைந்துவிட்டதாக எண்ணித் தானே அணைந்துவிடும். கூட்டாளியின் பவர் பேங்க் அந்த வகை. அவனுடைய சின்ன மிதிப் பெட்டியை அதில் மாட்டி வாசித்தபோது பாட்டு நடுவில் ஊமையானான். கடைசியில் மறுபடி ஏற்றக்கூடிய பாட்டரி எட்டு வாங்கி, நான்கு உள்ளே, நான்கு ஏற்றத்தில் என்று முறை வைத்துக்கொண்டோம். இவற்றின் வோல்ட் சாதாரணப் பாட்டரியைவிடச் சற்றுக் குறைவு, 1.2 தான். பெட்டியின் அமைப்பில் பாட்டரி வகையை மாற்றி வைத்தால்தான் மீதி எவ்வளவு என்று சரியாகக் காட்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஒரு நாள் போனபோது, இரண்டு முள் அடாப்டரை நம் மூன்று துளைச் சுவிட்சில் நுழைக்க, மேல் துளையில் பேனா மூடியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். நம் வீடுகளில் நடக்காததா என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்த மேல் துளை எர்த் கம்பிக்கு உரியது. மூன்று முள்ளில் நீளமானது முதலில் உள்ளே போய்க் கீழ்த் துளைகளின் கதவைத் திறக்கும்படி செய்திருப்பதே பிள்ளைகள் எதையாவது விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். கதவைப் பேனாவால் ஏமாற்றுகிறோம். பேனா இருந்த இடத்தில் ஆணியோ திருப்புளியோ இருக்க எவ்வளவு நேரமாகும்? சில வெள்ளிக்குச் சிரிம் முத்திரையோடு மாற்றுச் செருகி கிடைக்கிறது, வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

முனகலை நிறுத்துகிறேன் என்று மேடைக் கருவிகளின் எர்த் கம்பியையே வெட்டிவிடும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். கித்தார்க் கம்பி இரும்பு, அது வாசிப்பவன் விரலில். மைக் இரும்பு, அது அவன் உதட்டருகே. ஸ்டோன் தி குரோஸ் என்ற குழுவில் கித்தார் வாசித்த லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து இளைஞர் 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மாண்டார். வயது 27. பயலிடம் இதைச் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூட்டாளிகள் இருவரின் வீட்டிலும் பேனா மூடி வேலையை நிறுத்திவிட்டானாம். கம்பியைத் தொடும்போது சுருக்கென்று இழுத்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள், இயர்ஃபோனையோ பெட்டியையோ குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கோவில் திருவிழாக் கலை இரவில் வாசிக்கவிருக்கும் பாட்டைச் சரிபார்க்கத்தான். மழை பிடித்துக்கொண்டது. இடி ஒன்று செம்பனைக் காட்டின் பக்கம் விழுந்தது, விளக்கு போய்விட்டது. எனக்குச் சிறுவயது ஞாபகம் வந்தது. அப்போது எங்கள் தோட்டத்தில் எஞ்சின் மின்சாரந்தான், இரவு பத்து மணிக்குக் கிராணி எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிடுவார், வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும்.

இருட்டில் பயல் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தான். பெட்டியின் சின்ன விளக்கு எரிந்தது. எங்களுக்குக் கேட்டதெல்லாம் கம்பியின் டிக் டிக் ஓசைதான்.

மெழுகுவத்தியோடு வந்த தாயார், "ஏன் ஐயா, இத்தன மாசமா இவன் வாசிக்கிறான், எனக்கு இந்தச் சத்தந்தான் கேக்குது. இதுக்கா அவ்ளோ காசு?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. பெட்டி வாங்கி மூன்று மாதமாகிறது. பாதிப் பணம் கொடுத்தவருக்கு அதன் ஓசை எப்படி இருக்கும் என்றே தெரியாது! லயத்துக்குத் தொந்தரவு கூடாதென்று இயர்ஃபோன், இயர்ஃபோன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர இது எனக்குத் தோன்றவில்லை.

பயல் எழுந்து இயர்ஃபோனை அம்மாவின் காதில் மாட்டிவிட்டான். உட்கார்ந்து வாசித்தான். அந்த அம்மாள் மெழுகுவத்தியைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றார். மெழுகு விரலில் வழிந்த பிறகுதான் உதறிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஆனா ஒரு காதுலதான் கேக்குது."

"அது அப்படித்தாம்மா. ஒரு பக்கம் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு."

"ஏண்டா சொல்லல?"

"இப்பத்தானே அவ்ளோ காசு போட்டீங்க."

மழை விட்டதும் கிளம்பினேன். மறுநாள் பள்ளி முடிந்து பட்டணத்துக்குப் போய் இரண்டு காதிலும் கேட்கிற இயர்ஃபோன் ஒன்று வாங்கி வந்தேன். இந்த முறை கடையிலேயே செருகி, இடது காது, வலது காது என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தேன்.